பாராட்டிவிட்டு மூடிவைத்த புத்தகங்கள்



இந்த இதழில் நூல் மதிப்புரைப் பகுதி வழக்கத்தைவிட நீளம். பெண்களும் திருநர்களும் பால்புதுமையினரும் எழுதிய புத்தகங்களுக்கென்றே பக்கங்களை ஒதுக்கினோம். எழுதச் சொன்ன எல்லோரும் கெடு தேதிக்கு முன்பே கட்டுரைகளை அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைத் தொழிலில் இது அதிசயம். ஆனால் அவற்றைத் திருத்த உட்கார்ந்தபோது ஒன்று உறுத்தியது. புத்தகம் எதுவானாலும் கட்டுரை ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தது. முதல் பாதி முழுக்க ஆசிரியர் பட்ட துன்பம். பிறகு அவருடைய துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. கடைசியில், எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று ஒரு சிபாரிசு. புத்தகம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எங்கே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது, எங்கே தொய்கிறது என்பதற்கு ஒரு வரி இல்லை. இதே மதிப்புரையாளர்கள் ஓர் ஆண் நாவலாசிரியரின் புத்தகம் என்றால் கதைசொல்லியின் குரல், காலம் நகரும் விதம், வடிவச் சோதனை என்று பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர்கள்.

சில கட்டுரைகளைத் திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. உட்கார்ந்து மறுபடி எழுதித் தந்தவர்களே அதிகம். அவர்களோடு தொலைபேசியில் பேசியதையே இங்கே உங்களோடும் பேசலாம் என்று தோன்றுகிறது.

திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007-இல் கிழக்கு பதிப்பக வெளியீடாக வந்தது. தன்வரலாறு என்றால் பிறந்த ஊர், அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் என்றுதானே தொடங்கும்? வித்யா அப்படித் தொடங்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே நம்மைக் கடப்பாவுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடுகிறார். பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கான பயணம் அது. அதைச் சொன்ன பிறகுதான் சிறுவயதுக்கும் வீட்டுக்கும் போகிறார். இந்த ஒரு முடிவு வாசகரை என்ன செய்துவிடுகிறது பாருங்கள். 'பையனாகப் பிறந்தவர் எப்படி இப்படி ஆனார்' என்ற ஊர் வம்புக்கு அங்கே இடமே இல்லை. நமக்கு முதலில் அறிமுகமாவது வித்யா. ஆண் பெயரோடு, பெற்றோரின் பெரிய எதிர்பார்ப்புகளைச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பிறகு சந்திக்கும்போது, உள்ளே இருப்பது யார் என்று அந்த வீட்டாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். வருஷ வரிசையில் சொல்லியிருந்தால் இது கிடைத்திருக்காது.

இன்னொன்று அந்தப் புத்தகத்தின் கிண்டல். மொழியியலில் முதுகலை முடித்தவர் ரயில் பெட்டியில் கைதட்டிக் காசு கேட்கிறார். அழவைக்க எல்லா வசதியும் உள்ள இடம். வித்யாவோ தன்னையும் பயணிகளையும் ஒருசேரக் கேலியாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. இந்தப் புத்தகத்தைக் கன்னடத்தில் 'நானு அவனல்ல, அவளு' என்ற படமாக பி.எஸ். லிங்கதேவரு எடுத்தார். அதில் நடித்த சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். தமிழில் எழுதப்பட்ட புத்தகம் ஏன் கோடம்பாக்கத்தின் கண்ணில் முதலில் படவில்லை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திருநங்கைகளைப் பற்றித் தமிழில் வித்யாவுக்கு முன்பும் எழுதியிருக்கிறார்கள். 1990-களில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' எழுதினார். வெகுஜன வாசகர்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்த நாளில், நகைச்சுவைத் துணுக்குக்கு மட்டுமே பயன்பட்ட ஒருவரை நாவலின் நடுவில் நிறுத்தியது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் அது வெளியே நின்று, விசாரித்து, இரங்கி எழுதியது. இரக்கம் என்பது எப்போதும் ஒரு படி மேலே நின்றுகொண்டு குனிந்து பார்ப்பது.

அ. ரேவதி செய்தது வேறு. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். தன் கதையை எழுதும் முன் மற்றவர்களின் கதையைக் கேட்டவர். தமிழ்நாட்டு அரவாணிகளைத் தேடிப்போய்ப் பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' என்ற புத்தகம் போட்டார். அதன் பிறகுதான் தன் வாழ்க்கையை எழுதினார். அதுவும் எப்படி வந்தது? வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பென்குயின் 2010-இல் வெளியிட்டது. தமிழில் 'வெள்ளை மொழி' என்ற பெயரில் அடையாளம் பதிப்பகத்தின் வழியாக அடுத்த வருஷம்தான் வந்தது. நாமக்கல்காரர் எழுதிய கதையை டெல்லிக்காரர்கள் நமக்கு முன்னால் படித்துவிட்டார்கள்.

2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு சம்பவம். அங்கே பட்லர் நூலகத்தின் முகப்பில் ஹோமர், பிளேட்டோ என்று ஆண்களின் பெயர்களாகவே கல்லில் வெட்டியிருக்கும். அந்த வருஷம் கட்டடத்தில் ஒரு பெரிய துணிப்பதாகை ஏற்றிப் பெண்களின் பெயர்களை எழுதினார்கள். மாயா ஏஞ்சலோ, டோனி மாரிசன் ஆகியோரோடு அ. ரேவதி என்ற பெயரும் அதில் இருந்தது. நம் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பெருமையோடு செய்தியாக்கின, நாங்களும்தான். ஆனால் அதே வாரத்தில் 'வெள்ளை மொழி'யைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பக்கத்தை இப்போது நான் எழுதிப் பார்க்கிறேன். ரேவதியின் புத்தகம் ஒரே ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிப்போகும் கதை இல்லை. போவதும் வருவதும், மறுபடி போவதும் மறுபடி வருவதுமாகவே நகர்கிறது. டெல்லி, பம்பாய், பெங்களூரு என்று எங்கே போனாலும் திரும்பிய இடம் அதே கிராமத்து வீடு. ஒவ்வொரு முறை வரும்போதும் உடம்பு மாறியிருக்கிறது, உடை மாறியிருக்கிறது, வீட்டார் மட்டும் மாறவில்லை. அடி விழுகிறது, தலைமுடியை மழிக்கிறார்கள். அப்படியும் திரும்பி வருகிறார், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நிற்கிறார். இந்தத் திரும்பத் திரும்ப வருதலில்தான் புத்தகத்தின் இசை இருக்கிறது. சொற்களில் ஆவேசம் கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்கள். அடித்த அண்ணன்களைப் பற்றி எந்தக் குரலில் எழுதுகிறாரோ, அதே குரலில்தான் தன்னைச் சேர்த்துக்கொண்ட குருமார்களைப் பற்றியும் எழுதுகிறார். ஜமாத் எனும் திருநங்கையர் கூட்டமைப்பின் சட்டதிட்டம், குருவுக்கும் சீடரான சேலாவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், உள்ளுக்குள் நடக்கும் சண்டை எதையும் பூசி மெழுகவில்லை. தன் கூட்டத்தை விட்டுக்கொடுக்காமலும் வெள்ளையடிக்காமலும் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தொண்டு நிறுவன வேலைகளைச் சொல்லும் பின்பகுதி எனக்குக் கொஞ்சம் அறிக்கை மாதிரித்தான் பட்டது. இதைச் சொன்னால் ரேவதிக்கு மரியாதைக் குறைவு என்று ஒரு நண்பர் கண்டித்தார். குறை சொல்ல அஞ்சி ஒருவரைப் பாராட்டிக்கொண்டே இருப்பதுதான் மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

புத்தகத்தை விட்டுவிட்டு ஆளின் கதையை மட்டும் சொல்வது கவிஞர் சல்மாவின் விஷயத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். துவரங்குறிச்சியில் பருவம் வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட சிறுமி, கல்யாணத்துக்குப் பிறகு இரவில் கழிப்பறைக்குள் ஒளிந்துநின்று கவிதை எழுதியது, அம்மா அந்தத் தாள்களை வெளியே கடத்திக்கொண்டுபோனது, பிறகு பேரூராட்சித் தலைவரானது எல்லாம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். கிம் லாங்கினாட்டோ 2013-இல் எடுத்த ஆவணப்படம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2025-இல் சல்மா மாநிலங்களவை உறுப்பினரானபோது செய்தித்தாள்கள் மறுபடியும் அதே கதையைச் சொன்னன. 2004-இல் வந்த அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கழிப்பறை நாவலை விழுங்கிவிட்டது.

அந்த நாவலில் நாயகி என்று ஒருத்தியைச் சுட்ட முடியாது. ஒரு தெரு முழுக்கப் பெண்கள். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே கதை சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ராபியா என்ற சிறுமி வீட்டுக்குத் தெரியாமல் சினிமா பார்க்கப் போய் அடிவாங்குவதில் தொடங்கி, அவளுடைய கண்ணுக்கு எட்டியதும் எட்டாததுமாகக் கல்யாணங்களும் சாவுகளும் நடக்கின்றன. பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குப் பாதிதான் விளங்குகிறது, மீதி நமக்கு விளங்குகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் சில அத்தியாயங்களில் குழம்பித்தான் போவீர்கள். கல்யாண வீட்டுக்குப் புதிதாகப் போனவரின் குழப்பம் அது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எல்லோரையும் தெரிந்துவிடும். அந்தத் தெருவின் ஆண்கள் யாரும் அரக்கர்கள் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம்.

பாராட்டு மட்டும் இல்லை, எதிர்ப்பும் படிக்காமல்தான் வந்தது. 2002-இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது தலைப்பைத் தாண்டி உள்ளே போனவர்கள் குறைவு. அவரையும் சல்மாவையும் மாலதி மைத்ரியையும் சுகிர்தராணியையும் ஒரே கூட்டமாகக் கட்டி வசை பாடினார்கள். இவர்களைக் கொளுத்த வேண்டும் என்றுகூடப் பேசப்பட்டது. திட்டியவர்களுக்கு இந்த நால்வரும் ஒன்றுதான். பாராட்டியவர்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நால்வருக்கும் நாலு குரல். சித்த மருத்துவம் படித்த குட்டி ரேவதிக்கு உடம்பு ஒரு மாதிரி அர்த்தமாகிறது, சேரியிலிருந்து எழுதும் சுகிர்தராணிக்கு வேறு மாதிரி. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. மகாசுவேதா தேவியின் கதையும் கூடவே போனது. அப்போது நடந்த வாதங்களில் இவர்கள் யாருடைய பிரதிநிதிகள் என்பதே பேச்சாக இருந்தது. பாமா 1992-இல் 'கருக்கு' எழுதியபோது தன்வரலாற்றைக் கால வரிசையிலிருந்து கழற்றி, ஊர், தெரு, வேலை, விளையாட்டு, கோயில் என்று நினைவின் போக்கில் அடுக்கியதையும், உரைநடை முழுவதையும் தெருப் பேச்சில் நடத்தியதையும் யாராவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிறுகதையாளர் அம்பையை இங்கே விடமுடியாது. 2021-க்கான சாகித்ய அகாதெமி விருது 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை'க்குக் கிடைத்தது. அவருக்கு முன் தமிழில் அதைப் பெற்ற பெண்கள் ராஜம் கிருஷ்ணன், லக்ஷ்மி, திலகவதி ஆகிய மூவர்தான். புதிதாக அவரைப் படிக்க வருகிறவர்களை நான் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'க்குத்தான் அனுப்புவேன். ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம், ஓர் இருட்டுச் சமையலறை, வெளியே மலை. மருமகள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் வெளிச்சமும் மலையைப் பார்க்க இடமும்தான். அந்த மலைக்குக் குறுக்கே துணி உலர்த்தும் கொடி வந்துவிடுகிறது. கதையில் யாரும் கத்துவதில்லை. மறுப்பு என்பது ஒரு கொடிக் கயிற்றால் சொல்லப்படுகிறது.

இப்போது ஒரு குறை. திருநங்கைகள் எழுதிய தன்வரலாறுகள் தமிழில் நல்ல எண்ணிக்கையில் இருக்கின்றன. பிரியா பாபு எழுதியிருக்கிறார், கல்கி சுப்ரமணியம் கவிதை எழுதியிருக்கிறார். ஆண்களை நேசிக்கும் ஆண்களும் பெண்களை நேசிக்கும் பெண்களும் தம் கதையைத் தாமே சொல்லும் புத்தகங்கள் அந்த அளவுக்கு இல்லை. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. அதே ஆண்டில் கிரீஷின் 'விடுபட்டவை' வந்தது. குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் என்ற குழு சென்னையில் பால்புதுமையினர் எழுத்துக்கென்றே இலக்கிய விழா நடத்தியது. புத்தகக் காட்சியில் திருநர்களே நடத்தும் அரங்கையும் பார்க்க முடிகிறது. தொடக்கம் நல்ல தொடக்கம். ஆனால் பக்கத்தில் கன்னடத்தில் வசுதேந்திரா 'மோகனசாமி'யை 2013-இலேயே எழுதிவிட்டார். அதற்கும் பத்தொன்பது வருஷம் முன்பு, 1994-இல், கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் 'ஃபன்னி பாய்' எழுதினார். பெண் பிள்ளைகளோடு கல்யாணப் பெண் விளையாட்டு விளையாடும் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி. முதலில் அந்த விளையாட்டிலிருந்து அவனைத் துரத்துகிறார்கள். 1983 கலவரத்தில் அவன் குடும்பத்தையே வீட்டிலிருந்து துரத்துகிறார்கள். இரண்டு துரத்தல்களையும் ஒப்பிட்டு ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. தனித்தனிக் கதைகளாக நிற்கும் அத்தியாயங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார்.

வாங்குவது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். இவற்றில் பல சிறு பதிப்பகங்களின் புத்தகங்கள். ஒரு பதிப்பு தீர்ந்தால் அடுத்தது வரச் சில வருஷம்கூட ஆகும். கடையில் இல்லையென்றால் பதிப்பகத்துக்கே தொலைபேசியில் பேசுங்கள். கிடங்கு மூலையில் பத்துப் பிரதி இருக்கும். ஊர் நூலகத்தில் எழுதிக் கொடுங்கள். வாசகர் கேட்டு எழுதிய சீட்டுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கடைசியாக ஒரு கடிதத்துக்குப் பதில். பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுபதைத் தாண்டியவர். கல்லூரி முடித்த பேத்தி, தனக்கு ஒரு பெண்ணைத்தான் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். மகனும் மருமகளும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். 'நான் வித்யா' வாங்கி அவளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, 'நான் வித்யா' அருமையான புத்தகம், ஆனால் உங்கள் பேத்தியின் கதை அது இல்லை. வித்யாவின் கேள்வி தான் யார் என்பது. உங்கள் பேத்திக்கு அதில் குழப்பம் ஒன்றும் இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. யாரோடு வாழ்வது என்பதுதான் அவருடைய விஷயம். உங்களுக்கு ஆங்கிலம் தடை இல்லை என்பதால் எஸ்.ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்' நாவலைச் சொல்கிறேன். 2017-இல் வந்தது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்யச் சொல்லும் நம் ஊர்ப் பழமொழியிலிருந்துதான் தலைப்பு. அமெரிக்காவில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பெண்களை நேசிக்கும் லக்கி, ஆண்களை நேசிக்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள்; ஊருக்காக இருவரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய சிறுவயதுத் தோழிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நல்ல மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்லும் வீடு எப்படி இருக்கும் என்று அதில் தெரியும்.

அதைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டாம், அவர் ஏற்கெனவே படித்திருப்பார். நீங்கள் படியுங்கள். லக்கி தன் தாய் வீட்டுக்குத் திரும்பி வருவதே, விழுந்து அடிபட்ட பாட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான். படித்து முடித்ததும் அந்தப் பாட்டியைப் பற்றி உங்கள் பேத்தியிடம் பேச்சுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்